அங்கோருக்கு எதை எடுத்துப் போவது: போனா, பெரிய பையா, ஒற்றை ஜூமா?

சித்தி மகன் வரும் ஜனவரியில் கம்போடியா போகிறான். டிக்கெட் எடுத்த அன்று இரவே கூப்பிட்டான். “அக்கா, போன் போதுமா, இல்ல ஒரு கேமரா வாங்கிடட்டுமா? நீதான் மூணு தடவை போய்ட்டு வந்திருக்கியே.” அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கே சியெம் ரீப் ஊரை ஒட்டியிருக்கும் அங்கோர் பழங்கோயில்களைப் பார்க்கப் போக நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று அதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து சியெம் ரீப்புக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் பயணம். அதனால்தான் மூன்று முறை வாய்த்தது. 2017இல் தனியாகப் போனேன். முழு பிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா, இரண்டு பெரிய லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் முதுகில் இருந்தன. 2022இல் அம்மாவை அழைத்துப் போனேன். படிகளில் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை எப்போதும் வேண்டும், அதனால் போன் மட்டும். 2024இல் சின்னக் கேமரா ஒன்றும், கழற்றி மாட்ட வேண்டாத ஒரே ஜூம் லென்ஸும். மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே கோயில்கள், அதே நேரங்கள். கருவி மட்டும் மாறியது.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாமே அதைத் தொட்டுத்தான் வரும். போன் 200 கிராம், அதுவும் எப்படியும் கூட வரப்போகிறது. என் சின்னக் கேமரா சோனி ஏ6400. உடல் 403 கிராம், அதோடு வாங்கிய 18-135 லென்ஸ் 325 கிராம் (லென்ஸ் எண் சிறியதானால் அகலமாகப் பிடிக்கும், பெரியதானால் தூரத்தை இழுக்கும்). சேர்த்தால் முக்கால் கிலோவைத் தொடாது. பெரிய பையில் உடல் 650, 24-70 லென்ஸ் 886, 70-200 லென்ஸ் 1,480. இதுவே மூன்று கிலோ. ட்ரைபாடு, சார்ஜர், கூடுதல் பேட்டரி, தண்ணீர் பாட்டில் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டும். பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. சட்டை துணிமணிக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அங்கோரில் எடை பெரிய விஷயமாவதற்குக் காரணம் வெயிலும் படிகளும். காலை ஐந்து மணிக்கு அங்கோர் வாட் திறக்கிறது. மற்ற கோயில்களில் பெரும்பாலானவை ஏழரைக்கு. சூரிய உதயம் பார்க்க நான்கரைக்கே அறையை விட்டுக் கிளம்பினால், பத்து மணிக்குள் ஐந்து ஆறு கிலோமீட்டர் நடந்திருப்போம். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏறும் பழைய கல்படிகள் கிட்டத்தட்ட சுவர் போல நிமிர்ந்து நிற்கின்றன. இப்போது அவற்றின் மேல் மரப்படி போட்டிருக்கிறார்கள். அதுவும் செங்குத்துதான், இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டும். 2017இல் முதுகுப் பையோடு ஏறி இறங்கியதும் முட்டி நடுங்கியது. அன்று மதியம் பிரே கான் போகத் திட்டம் போட்டிருந்தேன், போகவில்லை. அறையில் படுத்துவிட்டேன். அந்தக் கோயிலை ஏழு வருடம் கழித்துத்தான் பார்த்தேன்.

சரி, இடம் இடமாகப் பார்ப்போம்.

எல்லோரும் எடுக்கும் படம் குளத்தங்கரைச் சூரியோதயம். பழைய கம்போடியர்களான கெமர் மக்களின் பெரும்பாலான கோயில்கள் கிழக்கு பார்த்தவை. அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. அதனால் உள்ளே நடந்து போகும்போது சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். நடைபாதையின் நடுவில் நின்றால் மூன்று கோபுரங்கள்தான் தெரியும், முன்கோபுரங்கள் பின்கோபுரங்களை மறைத்துவிடும். இடது பக்கக் குளத்துக்கு நகர்ந்தால் ஐந்தும் விரிந்துகொள்ளும். கூட்டம் முழுவதும் அங்கே நிற்பதற்கு அதுதான் காரணம், தண்ணீரில் விழும் பிம்பமும்.

இந்தப் படத்துக்குக் கருவி பெரிய வித்தியாசம் தருவதில்லை என்பதுதான் என் அனுபவம். கோபுரங்கள் கருப்பு நிழலுருவாகத்தான் வரப்போகின்றன, வானத்தின் நிறம்தான் படம். போனில் ஒரே ஒரு தொல்லை: அது தானாகவே இருட்டை வெளிச்சமாக்கப் பார்க்கும். கருங்கோபுரம் சாம்பல் நிறமாகி, ஊதா வானம் வெளிறிவிடும். வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும், நிறம் திரும்பி வந்துவிடும். 2022இல் நான் அப்படி எடுத்த படமும் 2017இல் ட்ரைபாடில் எடுத்த படமும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ட்ரைபாடு அங்கே இடைஞ்சல் என்றே சொல்வேன். கரையில் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள், மூன்று காலையும் விரிக்க இடம் கிடையாது.

இன்னொன்று, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 2017இல் ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்திருந்த கேமராவை ஐந்து மணி இருட்டில் குளத்தங்கரையில் வெளியே எடுத்தேன். கண் எதிரே லென்ஸின் முன் கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்தது. துணியால் துடைத்தேன், பத்து நொடியில் மறுபடி பனி படர்ந்தது. அது தெளிய இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அந்த ஆழ்ந்த ஊதா நிறம் போய், வானம் வெளுத்துவிட்டது. அன்றைய விடியல் போனது போனதுதான். போனுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக வருவதில்லை, சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். கேமரா எடுத்துப் போனால் முந்தைய இரவே அதை ஏசி இல்லாத குளியலறையில் வைத்துவிட வேண்டும். அல்லது பையின் ஜிப்பைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியில் விட வேண்டும். 2024இல் குளியலறையில் வைத்தேன், பனியே படியவில்லை.

சூரியன் ஏறியதும் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்துவிடும். அப்போது நேராகக் கிழக்குச் சுற்றுமண்டபத்துக்குப் போக வேண்டும். பாற்கடல் கடைந்த சிற்பம் அங்கேதான் இருக்கிறது. கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளச் சுவரில் ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால். காலை வெயில் தூண்களுக்கு இடையே சாய்ந்து விழும். இந்தச் சிற்பங்கள் ஆழமாகச் செதுக்கியவை அல்ல. வெளிச்சம் நேராக விழுந்தால் தட்டையாகத் தெரியும், பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு தோளும் எழும்பி நிற்கும். அதே காரணத்தால் மேற்கு மண்டபத்துக்கு மாலையில் போக வேண்டும். அங்கே குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் இருக்கின்றன. அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடித்தது அம்மா. வழிகாட்டி வாயைத் திறக்கும் முன்பே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். தெற்கு மண்டபத்தில் எருமை மேல் யமன். சித்திரகுப்தன் யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்டபங்களில் மூன்று கருவிகளுமே நன்றாக வேலை செய்தன. சிற்பம் அசையாது. போனைத் தூணோடு சாய்த்துப் பிடித்தால் குறைந்த வெளிச்சத்திலும் தெளிவாக வருகிறது. பெரிய லென்ஸின் எஃப் 2.8, அதாவது அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் அகலத் திறப்பு, அங்கே நிம்மதி தந்தது உண்மைதான். ஆனால் ஜூம் லென்ஸில் இருக்கும் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதியே அந்த இடத்துக்குப் போதும். முழுச் சுவரையும் பனோரமாவில் எடுக்க முயல வேண்டாம். நடந்துகொண்டே எடுத்தால் அசுரர்களுக்குத் தலை இரண்டாகிவிடும். நான்கைந்து அடிக்கு ஒரு படம் என்று துண்டு துண்டாக எடுப்பதே நல்லது.

தா ப்ரோமில் போன் ஜெயித்தது. சந்தேகமே இல்லை. ஏழாம் ஜயவர்மன் தன் தாய்க்காக எழுப்பிய கோயில் அது, கல்வெட்டின்படி 1186. கூரை மேல் மரங்கள் உட்கார்ந்து, வேர்கள் சுவர் வழியாக இறங்கித் தரையைப் பிடித்திருக்கின்றன. நம் இந்தியத் தொல்லியல் துறைதான் அங்கே பல வருடங்களாகச் சீரமைப்பு வேலையில் ஈடுபட்டிருக்கிறது. முற்றங்கள் குறுகலானவை, பின்னால் நகர இடம் இல்லை. போனில் உள்ள அகல லென்ஸ் மரத்தின் உச்சியையும் வேரின் நுனியையும் ஒரே படத்தில் பிடித்துவிடும். என் ஜூமின் 18 அந்த அளவுக்கு விரியாது. பெரிய பையின் 24உம் பற்றவில்லை. இலைகளுக்கு நடுவே வரும் கடும் வெயிலும் கீழே உள்ள கருநிழலும் கலந்த வெளிச்சத்தையும் போன் தானே சமாளித்துக்கொள்கிறது. வேரின் பக்கத்தில் அம்மா நிற்கும் படம் போனில் எடுத்ததுதான். மூன்று பயணங்களிலும் எனக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

பாயோன் கோயிலில் நிலைமை மாறுகிறது. கோபுரங்களின் நான்கு பக்கமும் முகங்கள், மெல்லிய புன்னகை. ஒரு முகத்தின் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று நெருக்கமாக வரவேண்டுமானால் தூர லென்ஸ் தேவை. எட்டி நின்று இழுத்து எடுத்தால்தான் முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போலச் சேரும். போனில் உள்ள மூன்று மடங்கு ஜூம் ஓரளவு ஈடுகொடுக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதினொரு மணி வெயிலில் என் போன் சூடேறி, திரையின் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டது. திரையில் என் முகம்தான் தெரிந்தது, எடுக்கும் படம் தெரியவில்லை. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருப்பதன் அருமை அங்கேதான் புரிந்தது.

இப்போது பந்தேய் ஸ்ரே. இந்தக் கேள்விக்கு என் பதிலை முடிவு செய்தது அந்தக் கோயில்தான்.

சியெம் ரீப்பிலிருந்து டுக்-டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செந்நிறக் கல், சின்னக் கோயில், 967இல் குடமுழுக்குக் கண்டது. அரசன் கட்டியது அல்ல. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. அளவில் சிறியதாக இருந்தாலும் அங்கோர் முழுவதிலும் இவ்வளவு நுணுக்கமான சிற்பம் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. மரத்தில் செதுக்கியது போல, கொடியும் இலையும் ஆளும் குதிரையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கயிலையை அசைக்கும் ராவணன், வாலியும் சுக்ரீவனும் மோதுவது, எரிந்து விழும் காமன். எல்லாமே வாசலுக்கு மேலுள்ள முகப்புகளில், தலைக்கு மேல் உயரத்தில். நடுப்பகுதிக்குள் போகவிடாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். கிட்டே போக வழியே இல்லை.

கிழக்குக் கோபுரத்தின் முகப்பில் சிவன் ஆடுகிறான். அவன் காலடியில் ஓர் ஓரத்தில், எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர், திருவாலங்காட்டில் ஆடும் கால்களின் கீழிருந்து பாடியவர். காரைக்காலில் பிறந்த ஒரு பெண்ணின் உருவம் கடல் கடந்து, பத்தாம் நூற்றாண்டில் கம்போடியக் காட்டில் ஒரு கல்லில் ஏறியிருக்கிறது. முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தனியாகப் போயிருந்தேன், சொல்ல யாரும் இல்லை.

அடுத்த முறை அம்மாவை அங்கேதான் முதலில் கூட்டிப்போனேன். கையில் போன். விரலால் இழுத்து இழுத்து எடுத்தேன். வெயிலில் திரையில் ஏதோ தெரிந்தது, எடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் ஆடும் சிவன் இருக்கிறான், அம்மையார் இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பைத் தேய்த்தது போல ஒரு கறை. விலா எலும்பும் இல்லை, முகமும் இல்லை. போன் தன்னிடம் இல்லாத விவரத்தைத் தானே கற்பனை செய்து பூசிவிடுகிறது. “இதுல எங்கடி இருக்காங்க அம்மையார்?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

2017 படத்தில் அம்மையார் தெளிவாக இருக்கிறார். ஒன்றரைக் கிலோ லென்ஸ் அந்த ஒரு படத்துக்குத் தன் கூலியைக் கொடுத்துவிட்டது. 2024இல் 18-135இன் கடைசி எல்லையில் எடுத்த படத்திலும் விலா எலும்புகளை எண்ணலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய லென்ஸில் கல்லின் மணல் துகள் வரை தெரிகிறது, சின்னதில் அவ்வளவு இல்லை. ஆனால் அம்மையார் இரண்டிலும் அம்மையார்தான். அந்தக் கடைசித் துகளுக்காக இரண்டேகால் கிலோவை நான்கு நாள் முதுகில் சுமக்க நான் இனிமேல் தயாரில்லை.

லென்ஸ் மாற்றுவது வேறு கதை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, செம்மண் பாதை, ஒவ்வொரு வண்டியும் புழுதியைக் கிளப்பும். 2017இல் ஓடும் டுக்-டுக்கில் உட்கார்ந்து லென்ஸ் மாற்றினேன். அதற்கு அடுத்து எடுத்த வானம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் மூன்று கரும்புள்ளிகள். ஒவ்வொரு படமாக அழிக்க ஒரு வாரம் ஆனது. ஒரே லென்ஸ் என்றால் இந்தப் பேச்சே இல்லை.

லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்திய சின்னக் கேமராக்களும் இருக்கின்றன, ஃபூஜி எக்ஸ்100 போல. தெருவுக்கும் சந்தைக்கும் அருமையான பொருள். அங்கோருக்கு மட்டும் போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பாயோனிலும் பந்தேய் ஸ்ரேயிலும் அது போனை விடத் தூரம் எட்டாது.

மனிதர்களை எடுப்பதில் பெரிய லென்ஸ்தான் தோற்றது. சியெம் ரீப் பழைய சந்தையில் மீன் விற்கும் பெண்ணிடம் 70-200ஐத் தூக்கினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. போனையோ சின்னக் கேமராவையோ காட்டி, எடுக்கலாமா என்று சைகையில் கேட்டால் பலர் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். எடுத்ததும் திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும், அந்த மரியாதை முக்கியம். புத்த பிக்குகளை அனுமதி கேட்காமல் எடுக்கக் கூடாது என்று கோயில் நிர்வாகத்தின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. தோளும் முட்டியும் மறைகிற உடை வேண்டும் என்பதும் அதில் உண்டு. அஞ்சலட்டை விற்கவரும் பிள்ளைகளிடம் வாங்குவதையும் அவர்களுக்குக் காசு கொடுப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள், பள்ளிக்கூடம் போவது நின்றுவிடுகிறது என்பதால். நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

காசு விஷயம். நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். புதுக் கேமராவுக்குப் பணம் போட்டுவிட்டு, அதைச் சரிக்கட்ட ஒரு நாள் சீட்டில் எல்லாவற்றையும் ஓடிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். ஒரு விடியல் மேகமாக இருந்தால் இன்னொரு விடியல் கையில் இருக்க வேண்டும். கேமராவா, கூடுதல் நாளா என்று வந்தால் கூடுதல் நாளைத்தான் எடுக்கச் சொல்வேன், போனோடு.

ஆக, என் தேர்வு போனும் ஒற்றை ஜூமும். விடியலுக்கும் தா ப்ரோமுக்கும் சந்தைக்கும் போன். பாயோனுக்கும் பந்தேய் ஸ்ரேக்கும் ஜூம். சிற்பத்தில் ஈடுபாடு இல்லை, குடும்பத்தோடு போகிறோம், படங்களைப் போனிலேயே பார்க்கப்போகிறோம் என்றால் போன் மட்டும் தாராளம், குற்ற உணர்ச்சியே வேண்டாம். படங்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்டுகிற பழக்கமும் தெம்பான முதுகும் ஒரு வார விடுப்பும் இருப்பவர்கள் பெரிய பையைத் தூக்கலாம். அவர்களும் ட்ரைபாடை வீட்டில் விட்டுவிடலாம்.

தம்பி, நீ கேமரா வாங்காதே. போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்குகிறாய் அல்லவா, என்னுடையதைத் தருகிறேன். இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, ஒரு பவர் பேங்க், துடைக்கும் துணி எல்லாம் பையில் இருக்கும். இரவில் குளியலறையில் வை, மறக்காதே. பந்தேய் ஸ்ரேக்கு ஏழரைக்கு முன்பே போய் வாசலில் நில். கிழக்கு முகப்பில் முதல் வெயில் விழும்போது அம்மையாரை எடு. 2024இல் நான் போன காலையில் மேகம் மூடியிருந்தது, அந்த வெயில் எனக்கு அமையவில்லை. உனக்கு அமைந்தால் எனக்கு அனுப்பும் முன் பெரியம்மாவுக்கு அனுப்பிவிடு.